மீண்டும் திரையரங்கில் பழைய படங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மறுவெளியீடு பற்றி வரும் கடிதங்கள் மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போவதால், இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளில் பலர் கேட்டிருந்தவற்றைச் சேர்த்து, ஊர்ப் பெயரை மட்டும் குறித்திருக்கிறோம்.

கும்பகோணம் வாசகர்: ‘கர்ணன்’ படத்தைத் தொலைக்காட்சியில் எத்தனையோ முறை பார்த்தாயிற்று. கைபேசியிலும் கிடைக்கிறது. அதையே பணம் கொடுத்துத் திரையரங்கில் பார்க்கச் சொல்வது பழைய நினைவுகளை விற்கும் வியாபாரம்தானே?

வியாபாரம்தான், சினிமா என்றைக்கும் வியாபாரமாகவே இருந்திருக்கிறது. ஆனால் நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்தது முழுப் படம் அன்று. விளம்பரங்களுக்கு இடம் விடுவதற்காகச் சரணங்கள் குறைக்கப்பட்டு, காட்சிகள் நறுக்கப்பட்டு, வண்ணம் வெளிறிய ஏதோ ஒரு பிரதியிலிருந்து எடுக்கப்பட்ட நிழல் அது. 1964 பொங்கலுக்கு வெளியான அந்தப் படத்துக்காக இயக்குநர் பி.ஆர். பந்துலு தம் குழுவினரை ஜெய்ப்பூர் அரண்மனைகளுக்கும் குருக்ஷேத்திரத்துக்கும் அழைத்துச் சென்றார். போர்க்களத்தில் தூரத்தே புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும் தேர்களும் குதிரைகளும் கைபேசியில் வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். பெரிய திரையிலோ அவை கூட்டம் கூட்டமாக நம்மை நோக்கி வருகின்றன.

அதைவிட முக்கியமானது ‘உள்ளத்தில் நல்ல உள்ளம்’ பாடல். அம்பு தைத்துக் கிடக்கும் சிவாஜி கணேசனின் முகம் ஓர் ஆள் உயரத்துக்கும் மேல் விரிந்து நிற்கும்போது, வலியை அடக்குகிற உதட்டின் துடிப்பும், பாதி மூடிய கண்ணுக்குள் கருவிழி நகர்வதும் தெரிகின்றன. எதிரே கண்ணனாக வரும் என்.டி. ராமராவின் முகத்திலுள்ள குற்ற உணர்வும் கருணையும் அந்த அளவில்தான் பிரிந்து தெரிகின்றன. சீர்காழி கோவிந்தராஜனின் குரல் அரங்கு முழுவதும் நிறையும்போது, அந்தப் பாட்டு ஏன் அவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதும் விளங்கிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். அந்தக் காலப் படங்களில் ஓர் அழுத்தமான வசனம் முடிந்ததும், எதிரில் நிற்பவர் பதில் பேசுவதற்கு முன் சிறிய இடைவெளி விடப்பட்டிருக்கும். வீட்டில் அது தொய்வாகத் தோன்றும். அது கைதட்டலுக்காக விடப்பட்ட இடம். அந்தக் கைதட்டல் கேட்கும் அரங்கில்தான் படத்தின் தாளம் சரியாக விழும்.

மதுரை வாசகர்: மறுவெளியீடு என்பது இப்போது வந்த மோகம்போல எழுதுகிறார்கள். என் சிறு வயதில் பழைய படங்கள் ஓடாத வாரமே கிடையாது. எது சரி?

நீங்கள் சொல்வதே சரி. தொலைக்காட்சி வருவதற்கு முன், ஒரு படத்தை மறுபடி பார்க்கத் திரையரங்கைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை. நகரத்தில் நூறு நாள் ஓடிய பிரதி சிற்றூர்களுக்குப் போய், அங்கிருந்து டூரிங் கொட்டகைகளுக்குப் போய், மேலிருந்து கீழாக மழைக்கோடுகள் விழுந்து, அறுந்த இடங்களில் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டே நீளம் குறைந்து, ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. 1975-இல் சென்னைத் தூர்தர்ஷனும், எண்பதுகளில் வீடியோ கேசட்டும், தொண்ணூறுகளில் தனியார் அலைவரிசைகளும் வந்தபின் இந்தச் சுற்று மெல்ல அறுந்தது. பிறகு அரங்குகளில் பிலிம் புரொஜெக்டர்களைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் கருவிகளை வைத்தபோது, கைவசம் இருந்த பிரதிகளைக்கூட ஓட்ட வழியில்லாமல் போயிற்று.

அறுந்ததை மறுபடி முடிந்து வைத்தது 2012 மார்ச் 16 அன்று டிஜிட்டல் வடிவில் வந்த ‘கர்ணன்’. புதுப் படங்களே இரண்டு வாரம் தாங்காத காலத்தில் அது நூறு நாட்களைத் தாண்டியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2014 மார்ச்சில் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) சென்னையில் 175 நாட்களைக் கடந்து வெள்ளிவிழாக் கண்டது. இரண்டுமே 1974-இல் மறைந்த பந்துலு இயக்கிய படங்கள் என்பதை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

இன்றைய அலை அதிலிருந்து வேறுபட்டது. 2024 ஏப்ரல் 20 அன்று மறுபடி வந்த ‘கில்லி’ (2004) படத்துக்குக் கூடியவர்களில் பெரும்பாலோர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தே வளர்ந்தவர்கள். வசனம் முழுவதும் மனப்பாடம், ஆனால் திரையரங்கில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ (2010) சென்னையின் ஒரு மல்டிபிளெக்ஸில் நாளுக்கொரு காட்சியாக ஆயிரம் நாட்களைக் கடந்து ஓடியது. பெரிய படம் வராத வாரங்களில் அரங்கை நிரப்ப உரிமையாளர்களுக்கு ஏதாவது வேண்டியிருக்கிறது. முன்புபோல ஒவ்வோர் அரங்குக்கும் தனிப் பிரதி போடும் செலவும் இப்போது இல்லை. இந்த இரண்டும் சேர்ந்துதான் கதவைத் திறந்துவிட்டன.

கோயம்புத்தூர் வாசகி: ‘4கே’, ‘ரீமாஸ்டர்’, ‘ரெஸ்டோரேஷன்’ என்று சுவரொட்டிகளில் போடுகிறார்கள். ஒன்று பளிங்குபோல இருக்கிறது. மற்றொன்று தொலைக்காட்சியில் பார்த்ததைவிட மோசமாக இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படி?

4கே என்பது ஒரு கோப்பின் அளவு மட்டுமே. திரையரங்குக் கணக்கில் குறுக்கே 4,096 புள்ளிகளும் நெடுக்கே 2,160 புள்ளிகளும் கொண்ட படம் அது. அந்தக் கோப்பு எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அந்த எண் சொல்வதில்லை. நாம் கேட்க வேண்டியது மூலம் எது என்பதைத்தான்.

படப்பிடிப்பின்போது கேமராவுக்குள் ஓடிய நெகட்டிவ்தான் எல்லாவற்றிலும் செறிவானது. அதிலிருந்து ஒரு பாசிட்டிவ், அதிலிருந்து ஒரு டூப் (நகல்) நெகட்டிவ், அதிலிருந்து அரங்குக்கான பிரதி என்று ஒவ்வொரு படி இறங்கும்போதும் நுணுக்கம் குறைகிறது. எல்லாவற்றுக்கும் கீழே, தொலைக்காட்சிக்காக எப்போதோ எடுத்து வைத்த வீடியோ நாடா இருக்கிறது. அதில் உள்ளவை வெறும் 576 வரிகள். அந்த நாடாவை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கினாலும் 4கே என்று சுவரொட்டியில் போடலாம். நீங்கள் பார்த்த மோசமான பிரதி அப்படிப்பட்டதாக இருந்திருக்கக்கூடும்.

உண்மையான மீட்டெடுப்பு (ரெஸ்டோரேஷன்) பொறுமையைக் கேட்கிற வேலை. முதலில் சுருளைக் கையால் விரித்துப் பார்த்து, ஓரத் துளைகள் கிழிந்த இடங்களைச் சரிசெய்து, பழைய ஒட்டுகளைப் பிரித்து மறுபடி ஒட்டிக் கழுவ வேண்டும். பிறகு ஒவ்வொரு சட்டகமாக (ஃபிரேம்) ஸ்கேன் செய்ய வேண்டும். நொடிக்கு 24 சட்டகம் என்ற கணக்கில் மூன்று மணி நேரப் படத்துக்கு 2,59,200 சட்டகங்கள். ஸ்கேன் செய்யும்போதே பிலிமை ஒரு திரவத்தில் நனைத்து எடுத்தால் கீறல்களுக்குள் திரவம் நிறைந்து, அவற்றில் பெரும்பாலானவை மறைந்துவிடும். எஞ்சிய தூசியை மென்பொருள் துடைக்கும். ஆனால் அதற்குத் தூசிக்கும் மழைத்துளிக்கும் வேறுபாடு தெரியாது. மூக்குத்தியின் மினுக்கையும், தீப்பொறியையும், சலங்கையின் ஒளியையும் அழுக்கென்று நினைத்து அழித்துவிடும். ஆகவே, தேர்ந்த ஒருவர் அருகிலிருந்து ஒவ்வொரு காட்சியையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நாள் பிடிப்பதும் பணம் பிடிப்பதும் இங்கேதான்.

வண்ணம் இன்னொரு சிக்கல். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பயன்படுத்திய ஈஸ்ட்மன்கலர் பிலிமில் மூன்று சாயங்கள் உண்டு. காலப்போக்கில் அவற்றுள் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவதால், பழைய பிரதிகள் குங்குமம் கரைத்ததுபோலச் சிவந்து கிடக்கின்றன. கறுப்பு-வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்குவது சாயம் அன்று, வெள்ளி. அது அப்படி மங்குவதில்லை. நன்றாகப் பாதுகாக்கப்பட்ட 1954-ஆம் ஆண்டு கறுப்பு-வெள்ளைப் படம், 1974-ஆம் ஆண்டு வண்ணப் படத்தைவிடத் தெளிவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

அரங்கில் உட்கார்ந்தபடியே தரத்தை அறிய ஒரு வழி உண்டு. அண்மைக் காட்சியில் நடிகரின் கன்னத்தைப் பாருங்கள். தோலின் நுண்துளைகளும், படம் முழுவதும் மெல்லச் சலிக்கிற மணற்பொடி போன்ற பிலிம் துகள்களும் தெரிந்தால் மூலம் நல்லது. முகம் மெழுகுபோல வழவழப்பாகவும், நெற்றியோர முடி ஒரே பட்டையாகவும், புடவைச் சரிகை நெளிவதுபோலவும் தெரிந்தால், அது நாடாவிலிருந்து ஊதப்பட்டது அல்லது அளவுக்கு மீறித் துடைக்கப்பட்டது.

முறையான வேலை எதுவரை போக முடியும் என்பதற்குச் சத்யஜித் ராயின் வங்காளப் படமான ‘பதேர் பாஞ்சாலி’ சான்று. அதன் மூல நெகட்டிவ் 1993-இல் லண்டன் ஆய்வகம் ஒன்றில் நேர்ந்த தீவிபத்தில் கருகியது. பயனற்றது என்று ஒதுக்கப்பட்ட அந்தச் சுருள்களைப் பிற்காலத்தில் இத்தாலியின் பொலோன்யாவில் உள்ள கூடத்துக்குக் கொண்டுபோய், உடைந்து நொறுங்கும் நிலையில் இருந்தவற்றை இளக்கிப் பிரித்து, தப்பிய பகுதிகளை ஸ்கேன் செய்து, இல்லாத இடங்களுக்கு வேறு பிரதிகளைச் சேர்த்து, 2015-இல் மறுபடி திரையிட்டார்கள். தமிழில் இத்தகைய உழைப்புக்கு ஏங்கும் படங்கள் எத்தனையோ இருக்கின்றன.

தஞ்சாவூர் வாசகி: நான் நடன ஆசிரியை. பழைய படம் ஒன்றை ‘டிஜிட்டல் சினிமாஸ்கோப்’ என்று விளம்பரம் செய்ததைப் பார்த்து மாணவிகளை அழைத்துப் போனேன். ஆடுபவரின் பாதங்களே திரையில் இல்லை. படமே அப்படித்தான் எடுக்கப்பட்டதா?

இல்லை. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்கு முன் நம்மவர்கள் எடுத்த படங்களின் சட்டகம் கிட்டத்தட்டப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் வடிவம்: உயரம் ஒன்று என்றால் அகலம் 1.37. சினிமாஸ்கோப்பில் அகலம் 2.35. குறுகலான படத்தை அகலத் திரை முழுவதும் நிரப்ப வேண்டுமென்றால் இரண்டே வழிகள்தாம்: பக்கவாட்டில் இழுத்து எல்லாரையும் பருமனாக்க வேண்டும், அல்லது மேலும் கீழும் வெட்ட வேண்டும். வெட்டினால் படத்தின் உயரத்தில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு போய்விடும். பாதத்தைக் காப்பாற்றினால் தலையும் முத்திரையும் போகும். முகத்தைக் காப்பாற்றினால் அடவு போகும்.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தின் ‘நலந்தானா’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். நாகஸ்வரத்துடன் இருக்கும் சிவாஜியும் ஆடிக்கொண்டிருக்கும் பத்மினியும் ஒரு சொல்கூட நேராகப் பேசிக்கொள்வதில்லை. பாட்டும் பார்வையும் அபிநயமுமே நலம் விசாரிக்கின்றன. அந்த நாகஸ்வரத்தை வாசித்தவர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். பத்மினியின் புருவத்திலிருந்து பாதம்வரை ஒரே சட்டகத்தில் இருக்கும்போதுதான், பாட்டின் சொல்லுக்கு உடல் எப்படி விடை சொல்கிறது என்பதைப் படிக்க முடியும். இயக்குநர் ஏ.பி. நாகராஜன் சட்டகம் வைத்த இடத்தை மாற்ற வேறு எவருக்கும் உரிமை இல்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இருபுறமும் கறுப்புப் பட்டை விட்டு, நடுவில் முழுப் படத்தையும் காட்டுவதே முறை. திரை நிறையவில்லை என்று பார்வையாளர் கோபிப்பார்கள் என விநியோகஸ்தர்கள் அஞ்சுகிறார்கள்; படம் தொடங்குமுன் இரண்டு வரி அறிவிப்புப் போட்டால் நம் மக்களுக்கு விளங்காதா என்ன?

சேலம் வாசகர்: செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒரு படத்தின் முடிவையே மாற்றி வெளியிட்டார்களே, இது சரியா? ‘ஷோலே’ படத்துக்கும் புது முடிவுதானே போட்டார்கள்?

இரண்டும் நேர் எதிரானவை. 2013-இல் வெளிவந்த ‘ராஞ்சணா’வின் தமிழ் வடிவமான ‘அம்பிகாபதி’ 2025 ஆகஸ்ட் 1 அன்று மறுபடி வந்தபோது, இறந்துபோகும் நாயகனைப் பிழைக்க வைத்து முடிவை மாற்றியிருந்தார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராய், நாயகன் தனுஷ் இருவருமே வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ‘ஷோலே’யில் நடந்தது வேறு. 1975-இல் நெருக்கடி நிலைக் காலத் தணிக்கை, தாக்கூர், வில்லன் கப்பரைக் கொல்லும் முடிவை ஏற்காததால், காவல்துறை வந்து தடுப்பதாக இயக்குநர் மாற்றி எடுக்க நேர்ந்தது. முன்னர் எடுத்திருந்த முடிவையும் நீக்கப்பட்ட காட்சிகளையும் தேடிச் சேர்த்து, பழைய படங்களைப் பாதுகாக்கும் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் மீட்டெடுத்த பிரதி 2025 ஜூனில் பொலோன்யாவில் திரையிடப்பட்டது. ஒன்று படைத்தவரின் கையிலிருந்ததைப் பறித்தது. மற்றது பறிபோனதைத் திருப்பிக் கொடுத்தது.

சட்டம் இங்கே இயக்குநருக்குப் பெரிதாகத் துணை நிற்பதில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்தின் ‘ஆசிரியர்’ தயாரிப்பாளர்தான். படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையை அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு ஆசிரியருக்குத் தருகிறது. ஆனால் அந்த ஆசிரியரே தயாரிப்பாளர் என்றால், இயக்குநர் எங்கே போய் முறையிடுவார்? இந்தப் பிரிவு மாற வேண்டும் என்று இயக்குநர் சங்கங்கள் உரக்கக் கேட்க வேண்டிய நேரம் இது.

படைத்தவர்களே திருத்திக்கொள்வதையும் இதனோடு குழப்பக் கூடாது. 2022 டிசம்பரில் ‘பாபா’வும், 2023 டிசம்பரில் ‘ஆளவந்தான்’ படமும் நீளம் குறைக்கப்பட்டு வந்தன. அதில் எனக்கு வருத்தம் உண்டு, எதிர்ப்பு இல்லை. ஆனால் முதலில் வெளிவந்த வடிவமும் எங்காவது பத்திரமாக இருக்க வேண்டும். சில நாட்களாவது இரண்டையும் திரையிட்டால் பார்ப்பவர்கள் ஒப்பிட்டு அறிந்துகொள்வார்கள்.

திண்டுக்கல் வாசகர்: வந்தபோது ஓடாத படங்களை இப்போது ‘கல்ட் படம்’ என்று கொண்டாடுகிறார்கள். அன்று பார்க்காத நாம் இன்று கொண்டாடுவதில் என்ன நேர்மை இருக்கிறது?

நேர்மை இருக்கிறது. ஒரு படம் வெளியாகும் வாரத்தில் நாம் படத்தை மட்டும் பார்ப்பதில்லை. நடிகரின் முந்தைய வெற்றி, எதிரே ஓடும் படம், பண்டிகை மனநிலை எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கிறோம். உங்கள் மாவட்டத்து உதாரணமே போதும். 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒரே நாளில் வந்தன. மனம் பிறழ்ந்த ஒருவனின் காதலை அவ்வளவு நெருக்கத்தில் பார்க்கப் பண்டிகைக் கூட்டம் ஆயத்தமாக இல்லை. ஆனால் ‘குணா’வின் படப்பிடிப்பு நடந்த கொடைக்கானல் குகை அந்தப் படத்தின் பெயரையே தாங்கி நின்றது. அதன் ‘கண்மணி அன்போடு’ பாடல் வீடுதோறும் ஒலித்துக்கொண்டிருந்தது. 2024-இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம், அதே குகையில் விழுந்த நண்பனை மீட்கும் கட்டத்தில் அந்தப் பாடலை ஒலிக்கவிட்டபோது, அதைக் காதல் பாட்டாக மட்டும் கேட்டுவந்த நம் அரங்குகள் எழுந்து நின்று ஆர்ப்பரித்தன. அதே ஆண்டு இறுதியில், உரிமை வழக்கால் தாமதமாகி, ‘குணா’ மறுபடி திரைக்கு வந்தது.

‘ஆயிரத்தில் ஒருவன்’ என்ற பெயரிலேயே 2010-இல் வந்த செல்வராகவன் படமும், 2003-இன் ‘அன்பே சிவம்’ படமும் இதே பாதையில் வந்தவை. முன்னது 2020 டிசம்பர் 31 அன்று மறுபடி வந்தபோது, சோழர்களின் பஞ்சத்தையும் பசியையும் காட்டும் இரண்டாம் பாதியை, முன்பு புரியவில்லை என்று ஒதுக்கிய அதே பகுதியை, மக்கள் ஊன்றிப் பார்த்தார்கள்.

ஓர் எச்சரிக்கை: ஓடாத படங்களெல்லாம் புரிந்துகொள்ளப்படாத காவியங்கள் அல்ல. எது தங்கும் என்பதை இரண்டாம் முறை பார்ப்பவர்தாம் சொல்ல முடியும்.

நாகர்கோவில் வாசகர்: எல்லாரும் அறுபதுகளுக்குப் பிந்தைய படங்களையே மறுபடி விடுகிறார்கள். எம்.கே. தியாகராஜ பாகவதர் காலத்துப் படங்கள் ஏன் வருவதில்லை?

பல படங்கள் இல்லவே இல்லை என்பதுதான் வேதனையான விடை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ நமக்குக் கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய மௌனப் படங்களின் கதி இன்னும் மோசம். இந்தியாவில் எடுக்கப்பட்ட ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டவற்றில் எஞ்சியவை மிகச் சில. ஐம்பதுகளின் தொடக்கம்வரை பயன்படுத்திய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றக்கூடியது. அதற்குப் பின் வந்த அசிடேட் பிலிம் தீயிலிருந்து தப்பினாலும் வெப்பத்திலும் ஈரத்திலும் அழுகுகிறது. அப்படிப்பட்ட தகரப் பெட்டியைத் திறந்தால் முதலில் வருவது வினிகர் வாடை. உள்ளே சுருள் சுருங்கி, விளிம்பு அலையலையாக நெளிந்து, விரித்தால் விரிசல் விடும் நிலையில் இருக்கும். வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக விற்கப்பட்டவையும் ஏராளம். பி.கே. நாயர் வளர்த்தெடுத்த தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பூனாவில் தொடங்கப்பட்டதே 1964-இல்தான். அதற்குள் பெரும்பகுதி அழிந்திருந்தது.

ஆனாலும் இருப்பவை இருக்கின்றன. சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதாஸ்’ (1944) இருக்கிறது. எஸ்.எஸ். வாசனின் ‘சந்திரலேகா’ (1948) இருக்கிறது. வரிசை வரிசையாக நிற்கும் பெரிய முரசுகளின் மேல் நூற்றுக்கணக்கானோர் ஆடி, இறுதியில் அந்த முரசுகளுக்குள்ளிருந்தே வீரர்கள் குதிக்கும் காட்சியை இன்றைய ஒலியமைப்பில் காணக் கொடுத்துவைக்க வேண்டாமா? எஸ். பாலசந்தர் இயக்கி, பாடலே இல்லாமல் வந்த ‘அந்த நாள்’ (1954) இருக்கிறது. நிழலும் ஒளியும் முகத்தைப் பாதி பாதியாகப் பங்கிடும் அதன் ஒளிப்பதிவு பெரிய திரைக்காகவே செய்யப்பட்டது. வாரம் ஒரு காட்சி போட்டாலும் போதும், நான் முதல் வரிசையில் இருப்பேன்.

திருநெல்வேலி வாசகர்: மறுவெளியீட்டுக்குப் போனால் விசில், ஆட்டம், உடன் பாடுவது. ஒரு வசனம் காதில் விழவில்லை. என் தந்தை பாதியில் எழுந்துவிட்டார்.

உங்கள் தந்தையின் வருத்தம் நியாயமானது. ‘அப்படிப் போடு’ பாடலுக்கு எழுந்து ஆடுகிறவர்களின் மகிழ்ச்சியும் நியாயமானதே. ‘கில்லி’யை மௌனமாகப் பார்க்கச் சொன்னால் அந்தப் படத்துக்குச் செய்யும் நீதி ஆகாது. இரண்டு வகைப் பார்வையாளர்களையும் ஒரே காட்சியில் அடைப்பதுதான் பிழை. கொண்டாட்டக் காட்சி, அமைதிக் காட்சி என்று அறிவித்துப் பிரித்துவிடலாம். அதுவரை வார நாட்களின் பகல் காட்சிக்கு அழைத்துப் போங்கள்.

ஒலி பற்றியும் ஒரு சொல். பழைய படங்களின் ஒலி ஒற்றைத் தடத்தில் பதிவானது. திரைக்குப் பின்னாலிருந்து நேராக வர வேண்டியது. அதைச் சுற்றுமுற்றும் உள்ள ஒலிபெருக்கிகளுக்குப் பிரித்து, அதிர்வையும் கூட்டி ஒலிக்கவிடும்போது வசனம் அமுங்கிவிடுகிறது. உங்கள் தந்தைக்கு வசனம் கேட்காததற்கு விசில் மட்டும் காரணமாக இராது.

ஈரோடு வாசகர்: அறுபது ஆண்டு கடந்த படத்துக்கு உரிமை கிடையாது என்கிறார்களே. எங்கள் ஊர் மன்றம் நாங்களாகவே திரையிடலாமா?

திரைப்படத்துக்கான பதிப்புரிமை, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள். எனவே 1964-இல் வந்த படத்தின் உரிமைக்காலம் 2024-உடன் முடிந்தது. ஆனால் பாடல் வரி, இசை, கதை ஆகியவற்றுக்கு ஆசிரியரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும் என்ற தனிக் கணக்கு உண்டு. 1981-இல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு 2041 இறுதிவரை பாதுகாப்பு இருக்கிறது. தணிக்கைச் சான்றிதழும் தேவை. இவற்றையெல்லாம் தாண்டினாலும், திரையிடத் தகுந்த பிரதி யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். என்.எஸ்.சி. (வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு), கோவை, மதுரை-ராமநாதபுரம் என்று ஏரியா ஏரியாவாக விற்கப்பட்டு, நெகட்டிவ் உரிமை கைமாறிக் கைமாறிப் போன படங்களுக்கு, அவர் யார் என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. தயாரிப்பாளரின் வாரிசுகளிடமிருந்து தொடங்குங்கள்.

விழுப்புரம் வாசகி: அரங்கில் படம் இழுபட்டோ வெட்டுப்பட்டோ தெரிந்தால் யாரிடம் சொல்வது?

இடைவேளைவரை காத்திருக்க வேண்டாம். பாட்டு தொடங்குமுன் எழுந்து மேலாளரிடம் சொல்லுங்கள். ஆபரேட்டர் அறையில் ‘ஃபிளாட்’ (அகலம் குறைந்தது), ‘ஸ்கோப்’ (அகலமானது) என்று இரண்டு அமைப்புகள் இருக்கும். தவறான அமைப்பில் ஓடினால் சில நொடிகளில் மாற்றிவிடலாம். பல அரங்குகளில் சொன்னவுடன் மாற்றுகிறார்கள். கோப்பிலேயே வெட்டியிருந்தால் ஆபரேட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த நிலையில், படத்தின் தொடக்கத்தில் காட்டும் தணிக்கைச் சான்றிதழில் விண்ணப்பதாரர் பெயர் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, அரங்கு, தேதி, காட்சி நேரம், எந்தக் காட்சியில் என்ன வெட்டுப்பட்டது என்ற விவரங்களோடு அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். அதன் நகலை எங்களுக்கும் அனுப்புங்கள். வரும் பதிலை இந்தப் பகுதியில் வெளியிடுகிறோம்.